கிடாக்களுக்கு வரும் நீரடைப்பு

ஆடு வளர்ப்போர் ஆட்டுக்கொல்லி நோய்க்கும் துள்ளுமாரிக்கும் அஞ்சித் தடுப்பூசி போட்டுக்கொள்கின்றனர். சிறுநீர் அடைத்துக்கொண்டு மாளும் கிடாக்களைப் பற்றி அவ்வளவு கவலை கொள்வதில்லை. இந்நோய் மந்தையையே வாரிக்கொண்டு போவதில்லை என்பது உண்மைதான். ஆனால், கொட்டிலில் கட்டித் தவிடும் தானியமும் ஊட்டி, பக்ரீதுக்கோ கோயில் கொடைக்கோ விலை பேசும் தறுவாயில் நிற்கும் கொழுத்த கிடாவையே இது பெரும்பாலும் பற்றுகிறது. அந்த ஒரு கிடாவை நம்பிக் கடனடைக்க எண்ணியிருக்கும் குடும்பத்திற்கு இது சிறு நஷ்டமன்று.

சிறுநீரில் உள்ள உப்புகள் மணல்போலத் திரண்டு கல்லாகிக் குழாயை அடைப்பதே இந்நோய். பெட்டையாட்டின் நீர்க்குழாய் குட்டையாகவும் அகலமாகவும் இருப்பதால் மணல் வெளியேறிவிடும். கிடாவின் குழாயோ நீண்டு குறுகி, இடையில் வளைந்து, நுனியில் புழுப்போன்ற மெல்லிய முனையுடன் முடிகிறது. வளைவிலோ முனையிலோ கல் சிக்கிக்கொள்ளும். மிக இளமையில் காயடித்த குட்டிக்கு இக்குழாய் நன்கு விரிவதில்லை. ஆதலால் 4, 5 மாதம் கழித்துக் காயடிப்பது நலம். வீட்டுப் பூனைகளிலும் கடுவனுக்கே இத்தொல்லை மிகுதி. அதற்கும் தாமதம் ஆகாது.

கல் ஏன் திரள்கிறது? அரிசித் தவிட்டில், எருவைப் பற்றிப் பேசும்போது மணிச்சத்து என்கிறோமே, அது சுண்ணாம்புச் சத்தைப்போல் பத்து மடங்குக்கு மேல் உள்ளது. ஆட்டின் தீவனத்திலோ சுண்ணாம்புச் சத்து இரண்டு பங்கும் மணிச்சத்து ஒரு பங்குமாக இருத்தல் வேண்டும். தவிட்டையும் மக்காச்சோளத்தையும் வாரிக் கொடுத்துத் தழையைக் குறைத்தால் இந்த அளவு தலைகீழாகிறது. தண்ணீரும் குறைந்தால் கேட்க வேண்டியதில்லை. கிடா விரைவில் கொழுக்கட்டும் என்ற ஆசையே பலவிடங்களில் அதற்கு எமனாகிறது.

நோய் கண்ட கிடா அடிக்கடி முக்கும், வாலை ஆட்டும், பல்லைக் கடிக்கும், வயிற்றை உதைக்கும். நீர் சொட்டுச் சொட்டாகவோ இரத்தம் கலந்தோ வரும். சில சமயம் அறவே வராது. குறியைச் சுற்றிய மயிரில் மணல் ஒட்டியிருக்கும். இதை மலச்சிக்கல் என்றோ வயிற்று உப்புசம் என்றோ கருதி எண்ணெய் புகட்டிப் பொழுதைப் போக்குவோர் உண்டு. ஓரிரு நாளில் நீர்ப்பை வெடிக்கும். அப்போது முக்கல் நின்று, கிடா தேறிவிட்டது போலத் தோன்றும். அது தேறுதல் அன்று. நீர் வயிற்றுக்குள் பரவி, வயிறு பெருத்து, கிடா இறந்துபோகும்.

ஆகவே, நீர் நின்றது தெரிந்த அன்றே கால்நடை மருந்தகத்திற்குக் கொண்டுசெல்ல வேண்டும்; அல்லது 1962 என்ற எண்ணில் நடமாடும் மருத்துவ ஊர்தியை அழைக்க வேண்டும். நுனி முனையில் மட்டும் கல் இருந்தால் மருத்துவர் அதை நறுக்கி வழிவிடுவார். மேலே சிக்கியிருந்தால் அறுவைச் சிகிச்சை தேவைப்படும். நீர் முற்றிலும் நின்ற கிடாவுக்கு நீர்பெருக்கும் கஷாயம் கொடுத்தல் ஆபத்து. போக வழியில்லாத பையில் மேலும் நீர் சேரும். நவச்சாரம் கற்களைத் தடுக்கும் என்பது மெய்யே எனினும், அளவை மருத்துவரே சொல்லவேண்டும்.

வருமுன் காத்தல் வீட்டிலேயே ஆகக்கூடியது. அகத்தி, வேலிமசால் முதலிய தழைகளே முக்கிய உணவாகட்டும். 100 கிலோ கலப்புத் தீவனத்திற்குத் தாது உப்புக் கலவை 2 கிலோவும் சாதா உப்பு 1 கிலோவும் சேர்க்கலாம். உப்பு தாகத்தை உண்டாக்கும். ஆனால் பக்கத்தில் தண்ணீர் இல்லாமற்போனால் உப்பே கேடாகும். வளர்ந்த ஆடொன்று நாள்தோறும் 4, 5 லிட்டர் குடிக்கும். கோடையில் இன்னும் கூடும்.

ஊராட்சி உறுப்பினர்கள் இவ்விடத்தில்தான் கைகொடுக்க முடியும். கால்நடைத் தொட்டி கட்டுவதில் நாம் காட்டும் உற்சாகம், கட்டியதை நிரப்புவதில் குறைவாகவே உள்ளது. தொட்டியை நாள்தோறும் நிரப்பவும், 15 நாளைக்கு ஒருமுறை கழுவி உட்புறம் சுண்ணாம்பு பூசவும் ஒருவரைப் பொறுப்பாக்குங்கள். பாசி பிடித்த நீரை ஆடு முகர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் போய்விடும்.