கறுப்புக் காரும் உப்புத்தாள் கோடுகளும்

புதிதாக வண்ணம் அடித்த கறுப்புக் காரை ஷெட் நிழலில் பார்த்தால் கண்ணாடி போலத்தான் இருக்கும். மறுநாள் காலை வெயிலில் சற்றுச் சாய்வாக நின்று பாருங்கள். பானட் முழுவதும் மெல்லிய கோடுகள் ஓடுவது தெரியும். உப்புத்தாள் தேய்த்த தடங்கள் அவை. நம் சங்கத்து அன்பர்களில் சொந்தக் கார் வைத்திருப்போர் பலர். கார் ஓட்டியே குடும்பம் நடத்துவோரும் உண்டு. ரயில்வேயில் வண்ணப் பூச்சு வேலையை அருகிலிருந்து பார்த்தவன் என்பதால் இதைப் பற்றி எழுத முன்வந்தேன்.

வெள்ளைக் காரிலும் இதே கோடுகள் இருக்கும். கண்ணுக்குத் தெரியாது, அவ்வளவுதான். வெள்ளை தன்மேல் விழும் ஒளியில் பெரும்பகுதியை எல்லாத் திசைகளிலும் திருப்பி அனுப்புகிறது. அந்த வெளிச்சத்தில் கோட்டின் சிறு மினுக்கம் கரைந்துவிடும். கறுப்போ உள்ளே போகும் ஒளியை விழுங்கிவிடுகிறது. மேற்பரப்பில் பட்டு நேராகத் திரும்பும் சுமார் நூற்றுக்கு நான்கு பங்குதான் நமக்கு வருகிறது. ஒரு கீறல் ஒளியைச் சிதறடித்தால், இருட்டில் வெள்ளை நூல் கிடப்பது போல் தெரியும். நான் வேலையில் சேர்ந்த 1980-களில் பயணிகள் பெட்டிகளுக்கு அரக்குச் சிவப்பு. 1990-களில் நீலம் வந்தது. தேய்ப்பில் சிறு குறை இருந்தாலும் இரண்டும் பொறுத்துக்கொள்ளும். கறுப்பு பொறுக்காது.

பாலிஷ் போட்டால் கீறல் நிரம்பிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். நிரம்புவதில்லை. கீறலைச் சுற்றியுள்ள மேட்டை, கீறலின் அடிமட்டம் வரை குறைக்கிறோம். 600 எண் தாளில் துகளின் அளவு ஏறக்குறைய 26 மைக்ரான். 1000 எண்ணில் 18. 2000 எண்ணில் 10. (ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரான்.) பெரிய கீறலைச் சிறிதாக்கி, அதை இன்னும் சிறிதாக்கிக்கொண்டே போக வேண்டும். ஒளியின் அலைநீளமான அரை மைக்ரான் அளவுக்கும் கீழே போனால்தான் கண் அதைக் கீறலாகக் காணாது. இதற்கு நம்மிடம் உள்ள கையிருப்பு மேலே அடித்த கிளியர் கோட். சாதாரணமாக அது 40 முதல் 60 மைக்ரான்; நம் தலைமுடியை விட மெல்லியது. ஒவ்வொரு தேய்ப்பும் இந்தக் கையிருப்பிலிருந்து எடுக்கும் செலவு. தீர்ந்துவிட்டால் மறுபடி வண்ணம்தான் அடிக்க வேண்டும்.

எர்ணாகுளத்தில் இருக்கும் தென்காசிக்காரர் ஒருவர் பழைய அம்பாசடர் ஒன்றைக் கல்யாணங்களுக்கு வாடகைக்கு விடுகிறார். 2014-இல் உற்பத்தி நின்றுபோன வண்டி. அதனாலேயே மாப்பிள்ளை அழைப்புக்கு மவுசு. ஆவணி முகூர்த்தங்களுக்கு முன்பணம் வாங்கிவிட்டு, ஆடி மாதத்தில், அதாவது இங்கே கர்க்கடக மழையில், வண்டிக்குக் கறுப்பு அடித்தார். பட்டறையில் காம்பவுண்ட் போட்டு மினுமினுவென்று கொடுத்தார்கள். இரண்டு முறை கழுவியதும் கோடுகள் வெளியே வந்துவிட்டன. காம்பவுண்டில் இருந்த எண்ணெய்ப்பசை கீறல்களை மறைத்திருந்தது. கழுவியதும் அது போய்விட்டது. முழு வண்டியையும் மறுபடி அடிக்கப் பணம் வேண்டும் என்றது பட்டறை. மனிதர் கலங்கிப்போய், நான் குடியிருக்கும் வல்லார்பாடத்துக்கு வண்டியைக் கொண்டுவந்தார்.

இந்த நிலையில் முதலில் மிஷினைக் கையில் எடுக்கக் கூடாது. கோடு எந்த அடுக்கில் இருக்கிறது என்று பார்க்க வேண்டும். கோட்டின்மேல் சிறிது தண்ணீர் விடுங்கள். மேற்பரப்புக் கீறல் என்றால் நீர் அதை நிரப்பிவிடும். ஈரம் இருக்கும்வரை கோடு மறையும். ஈரத்திலும் மறையாமல் நின்றால் அது கிளியர் கோட்டுக்கு அடியில் இருக்கிறது. பட்டி பார்த்து, பிரைமர் அடித்து, 180 எண் தாளில் தேய்த்துவிட்டு 320, 400, 600 என்று படிப்படியாகப் போகாமல் நேரே வண்ணம் அடித்தால் வருவது இது. எவ்வளவு பாலிஷ் போட்டாலும் போகாது; கிளியர் கோட்தான் தேய்ந்து தீரும்.

அம்பாசடரில் பானட்டிலும் கூரையிலும் இருந்தவை மேற்பரப்புக் கீறல்கள். இடப்பக்கப் பின்கதவில் மட்டும் தண்ணீர் ஊற்றியும் கோடுகள் மறையவில்லை. அந்தக் கதவைத் தொட வேண்டாம், சீசன் முடிந்தபின் அது ஒன்றை மட்டும் அடித்துக்கொள்ளலாம் என்றேன். முழு வண்டிக்கான செலவு ஒரு கதவுக்கான செலவாகச் சுருங்கியது.

மழைக்காலத்தில் இன்னொரு தொல்லையும் உண்டு. எங்கள் தீவைச் சுற்றி உப்பங்கழி. காற்றில் எப்போதும் ஈரம். பழைய வகை லேக்கர் அடித்தால், தின்னர் ஆவியாகும்போது தகடு குளிர்ந்து, காற்றின் ஈரம் அதில் படிந்து வண்ணம் வெளுத்துப்போகும். ஹார்ட்னர் கலக்கும் வகையில் ஈரம் ஹார்ட்னரோடு சேர்ந்து வேலையைக் கெடுக்கும். (அந்த ஹார்ட்னரில் உள்ள ஐசோசயனேட் நுரையீரலுக்கு ஆகாது. மூக்கில் கைக்குட்டை கட்டிக்கொண்டு ஸ்பிரே அடிக்கும் பையன்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருகிறது.) தின்னர் முழுவதும் வெளியேறுவதற்குள் பாலிஷ் போட்டால் அன்று தட்டையாக இருக்கும், பிறகு வண்ணம் சுருங்கும்போது அடியில் உள்ள கோடுகளின் வடிவம் மேலே எழும். ஹார்ட்னர் கலந்த பூச்சுக்கு டப்பாவில் எழுதியிருக்கும் நேரத்தைவிட மழைக்காலத்தில் கூடுதலாகப் பொறுங்கள். லேக்கர் என்றால் சில வாரங்கள் வேண்டும்.

இனி வேலை முறை. நல்ல தண்ணீரில் ஒரு சொட்டு சோப்பு விட்டு, 1500 எண் வாட்டர் பேப்பரைக் கால் மணி நேரம் ஊறவிடுங்கள். விரலால் அழுத்தித் தேய்த்தால் விரல் பட்ட இடம் பள்ளமாகும். ரப்பர் கட்டையில் சுற்றித் தேய்க்க வேண்டும். பானட்டின் மடிப்புகளிலும் ஓரங்களிலும் வண்ணம் மெல்லியதாக நிற்கும். அங்கே மாஸ்கிங் டேப் ஒட்டிவிடுங்கள். 1500-ஐ நீளவாக்கில் தேய்த்தால் 2000-ஐக் குறுக்குவாக்கில் தேயுங்கள். முந்திய கோடு ஒன்று மிச்சம் இருந்தாலும் குறுக்கே நின்று காட்டிக்கொடுக்கும். அது முழுவதும் மறைந்தபின் 3000-க்குப் போகலாம். ஒரு எண்ணைத் தாண்டிப் போனால் நேரம் மிச்சம் என்று எண்ண வேண்டாம். 1000 எண் விட்ட கோட்டைக் காம்பவுண்டால் எடுக்க முயன்றதால்தான் அந்தப் பானட் அப்படி ஆயிற்று. எண் மாற்றும்போது வாளித் தண்ணீரையும் மாற்றுங்கள். பழைய தாளிலிருந்து உதிர்ந்த ஒரே ஒரு துகள் போதும், புதிய கீறல் போடுவதற்கு.

தேய்க்கும்போது வரும் நீர் வெள்ளையாக இருந்தால் கிளியர் கோட் தேய்கிறது என்று பொருள். கறுப்பாக வந்தால், ஒற்றை அடுக்கு வண்ணமாக இருக்க வேண்டும். கிளியர் கோட் அடித்த வண்டி என்றால் உடனே நிறுத்துங்கள், வண்ணத்தைத் தொட்டுவிட்டீர்கள்.

பிறகு காம்பவுண்ட், அதன்பின் மெல்லிய பாலிஷ். பஃபிங் மிஷினுக்கு நிமிடத்துக்கு 1200 முதல் 1500 சுற்று போதும். ஒரே இடத்தில் நிறுத்தினால் சூடேறி வண்ணம் கருகும். கம்பளிப் பேட் வேகமாக வெட்டும், ஆனால் தன் பங்குக்கு வளையங்களை விட்டுச் செல்லும். கறுப்புக்குக் கடைசிக் கை மென்மையான ஸ்பாஞ்ச் பேடில்தான். முடிந்ததும் சோப்பு நீரால் துடைத்துவிட்டு, டியூப்லைட்டில் பார்க்காமல், வெயிலிலோ கையில் பிடித்த டார்ச்சிலோ பாருங்கள். தென்காசிக்காரரும் நானும் மூன்று ஞாயிற்றுக்கிழமை இதைச் செய்தோம். முதல் முகூர்த்தத்துக்கு வண்டி போயிற்று. பூமாலைச் சரம் ஒன்று பின்கதவின்மேல் தொங்கியது.

புது வண்ணத்துக்கு ஒரு மாதமாவது மெழுகு போடாதீர்கள். மிச்சத் தின்னர் வெளியேற வழி வேண்டும். கழுவும்போதும் கவனம் தேவை. 2004-இல் கோஶ்ரீ பாலங்களும் 2011-இல் கண்டெய்னர் முனையமும் வந்தபின் எங்கள் பக்கம் லாரிப் புழுதி அதிகம். உலர்ந்த துணியால் அதைத் துடைப்பது உப்புத்தாளால் தேய்ப்பதற்குச் சமம். முதலில் நிறைய நீர் ஊற்றிப் புழுதியை ஓடவிட்டு, பிறகு துணி வைக்க வேண்டும். உப்புக் கலந்த கிணற்று நீர் என்றால் வெயிலில் காயவிடாதீர்கள். வெள்ளை வளையங்கள் கறுப்பில் பதிந்துவிடும்.