டேங்க்கைத் திட்டாதீர்கள், தம்பி

அன்புள்ள மன்னார்குடி தம்பிக்கு,

ஐந்து நண்பர்கள் சேர்ந்து வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் ஆடுகிறீர்கள், ஒவ்வொரு சண்டையிலும் காயத்தை ஆற்றும் ஹீலர்தான் முதலில் சாகிறார், முன்னால் நின்று அடியைத் தன்மேல் வாங்க வேண்டிய டேங்க்காக ஆடும் நண்பருக்குத் திறமை போதாது என்று எழுதியிருக்கிறீர்கள். தவறு அவரிடம் இல்லை என்றே எனக்குத் தோன்றுகிறது.

அந்த விளையாட்டில் ஒவ்வொரு எதிரியும் தனித்தனியாகக் கணக்கு வைத்திருக்கிறது. யார் எவ்வளவு அடித்தார்கள் என்பது அதில் ஏறிக்கொண்டே போகும்; கணக்கில் முந்தி நிற்பவரையே எதிரி தாக்கும். டேங்க் அடிக்கும் அடிக்கு அங்கே மதிப்பு பல மடங்கு. ஆனாலும் சண்டை தொடங்கும்போது அவர் கணக்கும் பூஜ்யம்தான். பக்கத்தில் நின்று அடிப்பவர் அவரைவிடப் பத்து சதவீதம் கூடினாலோ, தூரத்திலிருந்து அடிப்பவர் முப்பது சதவீதம் கூடினாலோ, எதிரி அவர்கள் பக்கம் திரும்பிவிடும். முதல் நொடியிலேயே பெரிய மந்திரத்தை வீசுகிற நண்பர் உங்கள் குழுவில் யார் என்று பாருங்கள்.

ஹீலர் சாவதற்குக் காரணம் வேறு. காயத்தை ஆற்றுவதும் கணக்கில் ஏறும். ஏறக்குறைய பாதி அளவில், சண்டையில் இருக்கும் எல்லா எதிரிகளிடமும் பங்காகி ஏறும். யாரும் இன்னும் தொடாத ஒரு எதிரி ஓரத்தில் நின்றால், அதன் கணக்கில் இருக்கும் ஒரே பெயர் ஹீலருடையது. அது நேராக அவரிடம்தான் வரும். அப்போது ஹீலர் பயந்து விலகி ஓடக் கூடாது; டேங்க்கை நோக்கி ஓட வேண்டும். விலகி ஓடினால் டேங்க்கின் கைக்கு அந்த எதிரி எட்டவே எட்டாது.

இந்தப் பாடம் உங்கள் ஊர்ச் சாலையிலேயே நடந்திருக்கிறது. 1930 ஏப்ரல் 13 அன்று ராஜாஜியும் ஏறக்குறைய நூறு தொண்டர்களும் உப்புச் சட்டத்தை மீறி உப்பு அள்ளுவதற்காகத் திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு நடக்கத் தொடங்கினார்கள். தஞ்சை, கும்பகோணம், மன்னார்குடி வழியாகத்தான் போனார்கள். அவர்களுக்குச் சோறும் இடமும் கொடுப்பவர்களைத் தண்டிப்போம் என்று தஞ்சை கலெக்டர் தார்ன் அறிவித்தார். முன்னால் நடப்பவர்களை விட்டுவிட்டு, அவர்களைத் தாங்குபவர்கள் மீது பாய்ந்தது அந்த உத்தரவு.  டெல்டா மக்கள் சோற்றுப் பொட்டலங்களைச் சாலையோர மரக்கிளைகளில் கட்டிவிட்டு ஒதுங்கினார்கள். கொடுத்தவர் யார் என்று தெரியவில்லை, நடந்தவர்கள் பசியாறினார்கள். ஏப்ரல் 30 அன்று ராஜாஜி உப்பு அள்ளிக் கைதானார். அதன் பிறகும் வேதாரண்யத்தில் உப்பு அள்ளுவது நிற்கவில்லை.

அங்கே சிறையும் தடியடியும் நிஜம். விளையாட்டை அதற்குச் சமமாக வைக்க மாட்டேன். ஆனால் முன்னால் நடப்பவர்களைத் தாங்கியவர்கள் எதிரியின் கண் தங்கள் மீது படாதபடி நடந்துகொண்ட விதம், நீங்கள் அவசியம் படிக்க வேண்டியது.

அடுத்த முறை டேங்க் எல்லா எதிரிகளையும் ஒருமுறை தொடும்வரை மற்ற நால்வரும் கையைக் கட்டிக்கொண்டு நில்லுங்கள். ஹீலர் பிழைத்தாரா என்று எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்