முகமும் தெரிய வேண்டும், கொலுவும் தெரிய வேண்டும்

கேள்வி: அப்பாவின் பழைய நிக்கான் எஃப்80 கேமராவில் மறுபடியும் ஃபிலிம் போட்டுப் படமெடுக்கத் தொடங்கியிருக்கிறேன். அதிலுள்ள சின்ன ஃபிளாஷ் போதவில்லை. அண்ணன் தன் டிஜிட்டல் கேமராவுக்கு வைத்திருந்த எஸ்.பி.-900 ஃபிளாஷைக் கொடுத்தார். அவர் கேமராவில் பொருத்தினால் டி.டி.எல். என்று திரையில் வருகிறது, என் கேமராவில் வருவதே இல்லை. எம் முறையில் வைத்து, வலுவை மாற்றி மாற்றி, நவராத்திரிக்கு ஒரு ரோல் எடுத்தேன். 400 ஐ.எஸ்.ஓ. கலர் ஃபிலிம். முகம் சரியாக வந்த படத்தில் பின்னால் கொலு இருட்டாக இருக்கிறது. கொலு தெரிகிற படத்தில் முகம் வெளுத்துப்போயிருக்கிறது. கேமராவில் கோளாறா? டி.டி.எல். இருந்தால் இது சரியாகிவிடுமா? அப்பாவின் பெட்டியில் பெயர் அழிந்துபோன பழைய ஃபிளாஷ் ஒன்றும் இருக்கிறது. அதைப் பொருத்திப் பார்க்கலாமா?
— வாசகி, மயிலாடுதுறை

பதில்: உங்கள் கேமராவில் ஒரு கோளாறும் இல்லை. ஃபிளாஷும் நல்ல ஃபிளாஷ்தான். ஆனால் அவை இரண்டும் வெவ்வேறு தலைமுறை. டி.டி.எல். (லென்ஸ் வழியே வரும் ஒளியை அளப்பது) என்ற ஒரே பெயரில் இரண்டு வேறு வேலைகள் நடக்கின்றன என்பதைப் பலரும் கவனிப்பதில்லை.

ஃபிலிம் கேமராவில் நடப்பதை முதலில் சொல்கிறேன். ஷட்டர் திறந்ததும் ஃபிளாஷ் மின்னுகிறது. லென்ஸ் வழியாக வந்த ஒளி ஃபிலிமின் மேல் விழுகிறது, அதில் ஒரு பங்கு திரும்பித் தெறிக்கிறது. கேமராவின் உள்ளே, கண்ணாடிக்குக் கீழே இருக்கும் ஓர் உணரி அந்தத் தெறிப்பை அளந்துகொண்டே இருக்கும். குடம் நிரம்பியதும் குழாயை அடைப்பதுபோல, போதுமான ஒளி சேர்ந்த நொடியில் ஃபிளாஷை அணைத்துவிடும். படம் பதிவாகிக்கொண்டிருக்கும்போதே அளவும் நடந்து முடிகிறது. 1975-ல் ஒலிம்பஸ் ஓ.எம்.-2 கொண்டுவந்த முறை இது. 1985-ல் மினோல்டா 7000, 1987-ல் கேனன் இ.ஓ.எஸ். 650 என்று ஆட்டோஃபோகஸ் கேமராக்கள் வரிசையாக வந்தபோது அவையும் இதையே எடுத்துக்கொண்டன. என்னைக் கேட்டால், ஃபிலிம் காலத்துப் பொறியியலில் இவ்வளவு அழகான வேலை வேறு அதிகம் இல்லை.

டிஜிட்டல் சென்சாரின் முகப்பில் கண்ணாடித் தகடு இருக்கிறது. அது ஃபிலிமைப்போல ஒளியைச் சிதறடிக்காது, ஆகவே இந்த அளவை நம்ப முடியாமல் போயிற்று. அதனால் நிக்கான் 2003-ல் ஐ-டி.டி.எல். என்ற வேறு முறைக்கு மாறியது. கண்ணாடி எழும்புவதற்கு முன்பே மெல்லிய முன்மின்னல் ஒன்றை அனுப்பி, அது திரும்பி வருவதை வைத்துக் கணக்குப் போடும் முறை. அந்த மாற்றத்தின்போது வந்த எஸ்.பி.-800, எஸ்.பி.-600 இரண்டுக்கும் பழைய முறையும் புதிய முறையும் தெரியும். 2008-ல் வந்த எஸ்.பி.-900-ல் பழைய முறையை எடுத்துவிட்டார்கள். நிக்கானின் ஃபிலிம் கேமராக்களில் புதிய முறையை அறிந்தது 2004-ல் வந்த எஃப்6 ஒன்றுதான். ஆகவே உங்கள் எஃப்80-உம் அண்ணனின் எஸ்.பி.-900-உம் டி.டி.எல். பேசிக்கொள்ளப் போவதில்லை.

ஆனால் அதைவிட முக்கியமானது உங்கள் இரண்டாவது கேள்வி. டி.டி.எல். இருந்திருந்தாலும் இந்த ரோல் இப்படித்தான் வந்திருக்கும். முகம் சரியாக வந்திருக்கும், கொலு இருட்டாகவே இருந்திருக்கும்.

கணக்கைப் பாருங்கள். ஃபிளாஷின் வலுவை கைடு நம்பரால் சொல்வார்கள். அதைத் தூரத்தால் வகுத்தால் வைக்க வேண்டிய அபர்ச்சர் கிடைக்கும். எஸ்.பி.-900-க்கு 35 மி.மீ. ஜூமில், 100 ஐ.எஸ்.ஓ.வுக்கு 34 மீட்டர். 400 ஐ.எஸ்.ஓ. ஃபிலிமுக்கு இரண்டு மடங்கு, 68. அம்மாவும் அத்தையும் உங்களிடமிருந்து ஒன்றரை மீட்டரில் உட்கார்ந்திருக்கிறார்கள், கொலுப்படி மூன்று மீட்டரில் இருக்கிறது, அபர்ச்சர் 5.6 என்று வைத்துக்கொள்வோம். முகத்துக்கு வேண்டியது முழு வலுவில் 1/64. கொலுவுக்கு வேண்டியது 1/16. தூரம் இரட்டிப்பானால் ஒளி நான்கில் ஒரு பங்காகக் குறையும் என்பதால் வருகிற வித்தியாசம் இது. ஒரே மின்னலில் இரண்டையும் கொடுக்க எந்த ஃபிளாஷாலும் முடியாது. 1/64-ல் கொலு இரண்டு ஸ்டாப் இருட்டு, 1/16-ல் முகம் இரண்டு ஸ்டாப் வெளுப்பு. உங்கள் நெகட்டிவ் சொல்வது இதைத்தான்.

அப்படியானால் கொலுவுக்கு ஒளி எங்கிருந்து வரும்? அது ஏற்கெனவே அங்கே இருக்கிறது. சீரியல் பல்பும் குத்துவிளக்கும் படிக்கு மேலே நீங்கள் மாட்டிய விளக்கும் கொலுவுக்காகவே எரிகின்றன. ஷட்டரை வேகமாக மூடி நாம்தான் அவற்றைப் படத்துக்குள் விடாமல் தடுக்கிறோம். எஃப்80-ஐ பி முறையிலோ ஏ முறையிலோ வைத்து ஃபிளாஷைப் போட்டால், ஷட்டர் 1/60-க்குக் கீழே தானாக இறங்காது. வீட்டு வெளிச்சத்துக்கு 1/60 போதவே போதாது.

ஃபிளாஷ் படம் என்பது ஒரே ஃபிரேமில் எடுக்கும் இரண்டு படங்கள். ஃபிளாஷ் ஒளி பட்ட இடத்தை அபர்ச்சரும் ஃபிளாஷ் வலுவும் தீர்மானிக்கின்றன. ஷட்டர் எவ்வளவு நேரம் திறந்திருந்தாலும் ஃபிளாஷ் தன் வேலையைக் கண்ணிமைக்கும் நேரத்துக்குள் முடித்துவிடும், அந்தப் பகுதி மாறாது. அறையின் சொந்த ஒளியைத்தான் ஷட்டர் வேகம் தீர்மானிக்கிறது. இது ஒன்று மனதில் தங்கிவிட்டால் ஃபிளாஷைப் பற்றிய பயம் போய்விடும்.

அடுத்த ரோலில் இப்படிச் செய்யுங்கள். கேமராவை எம் முறையில் வையுங்கள். அபர்ச்சர் 5.6. ஃபிளாஷை அணைத்துவிட்டு ஃபிரேம் முழுக்கக் கொலு தெரியும்படி வைத்து மீட்டரைப் பாருங்கள். 1/8 என்று காட்டுகிறது என்றால், ஒரு ஸ்டாப் குறைத்து 1/15-ல் வையுங்கள். கொலு முகத்தைவிடச் சற்று அடங்கி இருந்தால்தான் இரவு இரவாகத் தெரியும். இப்போது ஃபிளாஷைப் போட்டு, அதை ஏ என்ற தானியங்கி முறைக்கு மாற்றுங்கள். இதற்குக் கேமராவின் தயவு தேவையில்லை. ஃபிளாஷின் முன்பக்கத்திலேயே இருக்கும் உணரி, ஆட்களின் மேல் பட்டுத் திரும்பும் ஒளியை அளந்து தானே அணைந்துகொள்ளும். ஐ.எஸ்.ஓ.வும் அபர்ச்சரும் கேமராவில் உள்ளபடியே ஃபிளாஷின் திரையிலும் இருக்கின்றனவா என்று மட்டும் ஒவ்வொரு முறையும் பாருங்கள். கல்யாண மண்டபங்களில் பல ஆண்டுகள் சோறு போட்ட முறை இது. டி.டி.எல். இல்லை என்று வருந்த வேண்டியதில்லை.

1/15-ல் கை ஆடும். முக்காலி இருந்தால் நல்லது, இல்லாவிட்டால் முழங்கையை ஜன்னல் விளிம்பில் ஊன்றிக்கொள்ளுங்கள். ஆட்கள் சற்று அசைந்தாலும் முகத்தை ஃபிளாஷ் உறைய வைத்துவிடும். ஆனால் அவர்கள் மேல் டியூப்லைட் வெளிச்சம் நேராக விழுந்தால் அந்த அசைவும் நிழல்போலப் பதியும். ஆகவே டியூப்லைட்டை அணைத்துவிடுங்கள். இதற்கு இன்னொரு காரணமும் உண்டு. கலர் ஃபிலிம் பகல் வெளிச்சத்துக்காகச் செய்யப்பட்டது. ஃபிளாஷின் நிறமும் பகலோடு ஒத்துப்போகும். விளக்குச் சுடரும் குண்டு பல்பும் அதில் ஆரஞ்சாகப் பதியும், கொலுவுக்கு அது அழகு. டியூப்லைட் பச்சையாகப் பதியும். பட்டுப்புடவைக்கும் மஞ்சள் பூசிய முகத்துக்கும் அந்தப் பச்சையைவிடக் கெடுதல் வேறில்லை.

இடம் இருந்தால் பின்னால் நகர்ந்து எடுங்கள். நீங்கள் ஒன்றரை மீட்டர் பின்னுக்குப் போனால் ஆட்கள் மூன்று மீட்டரில், கொலு நாலரை மீட்டரில். இப்போது இரண்டுக்கும் இடையே உள்ள வித்தியாசம் நான்கு மடங்கிலிருந்து இரண்டேகால் மடங்காகக் குறைந்துவிடுகிறது. சீலிங் வெள்ளையாக, அதிக உயரமில்லாமல் இருந்தால் ஃபிளாஷின் தலையை மேலே திருப்பி எடுங்கள். ஒளி மேலிருந்து பரவி இறங்கும், பின்சுவரில் கறுப்பு நிழல் விழாது, முகமும் பொம்மைகளும் ஒரே அறையில் இருப்பதாகத் தெரியும். இரண்டு ஸ்டாப்போ அதற்கு மேலோ ஒளி குறையும், 400 ஃபிலிமில் எஸ்.பி.-900 அதைத் தாங்கும். தலையைத் திருப்பினாலும் முன்பக்க உணரி ஆட்களைப் பார்த்தபடியே இருக்க வேண்டும். உங்கள் ஊர்ப்பக்கத்து ஓட்டு வீடுகளில் இது பலிக்காது, ஒளி மேலே போய் அப்படியே தொலைந்துவிடும். பச்சைச் சுவரில் தெறிக்க வைத்தால் பச்சை முகம் வரும்.

தானியங்கி முறை எதுவானாலும், அது ஏமாறும் இடங்கள் உண்டு. ஃபிரேம் நிறைய வெள்ளை வேட்டியோ ஜரிகையோ இருந்தால் ஒளி அதிகம் தெறிக்கும், ஃபிளாஷ் சீக்கிரம் அணைந்துவிடும், படம் இருண்டுவிடும். அப்போது ஃபிளாஷின் ஐ.எஸ்.ஓ.வை 400-க்குப் பதில் 200 என்று வையுங்கள், ஒரு ஸ்டாப் கூடும். இரவில் திறந்த முற்றத்தில் ஒருவர் தனியாக நின்றால் நேர்மாறாக நடக்கும். சந்தேகம் வந்தால் கூட்டியே எடுங்கள். கலர் நெகட்டிவ் ஒரு ஸ்டாப் மிகையை அலட்டிக்கொள்ளாமல் ஏற்கும். ஒரு ஸ்டாப் குறைந்தால் நிழலில் விவரம் தொலையத் தொடங்கும்.

இன்னொன்று, இதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். ஃபிலிமில் எடுத்த படத்தை உடனே பார்க்க முடியாது. ஆனால் ஃபிளாஷ் உங்களிடம் ஒரு தகவல் சொல்கிறது. எடுத்தவுடன் அதன் தயார் விளக்கு சில விநாடி சிமிட்டினால், முழு வலுவையும் கொட்டிவிட்டது, ஒளி போதாமல் போயிருக்கலாம் என்று அர்த்தம். அபர்ச்சரைத் திறந்தோ கிட்டப் போயோ அந்தப் படத்தை மறுபடி எடுங்கள். வளைகாப்பிலும் தாலி கட்டும் நேரத்திலும் இந்தச் சிமிட்டலைப் பார்க்கும் பழக்கம் காப்பாற்றும். விளக்கு நிலையாக எரியும் வரை அடுத்த படத்தை அழுத்தாதீர்கள். அல்கலைன் பேட்டரியைவிட ரீசார்ஜ் செய்யும் நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு பேட்டரியில் அந்தக் காத்திருப்பு குறைவு.

மங்கிய அறையில் ஃபோகஸ் பிடிக்கத் திணறினால் ஒற்றை ஃபோகஸ் முறையில், நடுப் புள்ளியைத் தேர்ந்தெடுங்கள். அப்போதுதான் எஃப்80-இன் முகப்பில் இருக்கும் உதவி விளக்கு எரியும், மூன்று மீட்டர் வரை கைகொடுக்கும்.

உண்மையான ஃபிலிம் டி.டி.எல். வேண்டுமென்றே ஆசைப்பட்டால், பழையதாக எஸ்.பி.-28 தேடுங்கள். எஃப்80-க்கு இயல்பான ஜோடி அது. அண்ணனும் நீங்களும் மாற்றி மாற்றி வைத்துக்கொள்ள வேண்டுமானால் எஸ்.பி.-800. வாங்குமுன் பேட்டரி அறையைத் திறந்து பச்சை, வெள்ளைப் பூப்பு இருக்கிறதா என்று பாருங்கள். நெடுநாள் சும்மா கிடந்த ஃபிளாஷ் என்றால், பேட்டரி போட்டுச் சிறிது நேரம் அப்படியே விட்டு, குறைந்த வலுவில் சில முறை மின்னவைத்த பிறகே ரோலைத் தொடுங்கள்.

இதைப் படிக்கும் கேனன்காரர்களுக்கு வேறு விதி. இ-டி.டி.எல். 1995-ல் இ.ஓ.எஸ். 50-உடன் வந்தது. அதற்கு முந்தைய இ.ஓ.எஸ். கேமராக்களில் 550இ.எக்ஸ். போன்ற ஃபிளாஷ்கள் பழைய டி.டி.எல். முறைக்குத் தாமாக இறங்கி வேலை செய்யும். மினோல்டாவில் 1988 முதல் வந்த ஆட்டோஃபோகஸ் கேமராக்களுக்கு ஃபிளாஷ் பொருத்தும் இடமே வேறு வடிவம். மற்ற ஃபிளாஷ்கள் அடாப்டர் இல்லாமல் உட்காராது.

கடைசியாக, அப்பாவின் பெட்டியில் இருக்கும் பெயர் தெரியாத ஃபிளாஷ். அதைச் சும்மா பொருத்திப் பார்க்காதீர்கள். பழைய ஃபிளாஷ்கள் சிலவற்றில் கேமராவைத் தொடும் நடு ஊசியிலேயே இருநூறு வோல்ட்டுக்கு மேல் நிற்கும். இயந்திரக் கேமராக்கள் அதைத் தாங்கின. மின்னணுக் கேமராவின் உள்சுற்று தாங்குமா என்பது தயாரிப்பைப் பொறுத்தது. நிக்கான் 250 வோல்ட்டைத் தொடும் ஃபிளாஷ்களைப் பொருத்தக் கூடாது என்கிறது. பழைய கேனன் இ.ஓ.எஸ். கேமராக்களுக்குச் சொல்லப்பட்ட வரம்பு வெறும் 6 வோல்ட். வீட்டுக்கு அருகில் ரேடியோ, டிவி பழுது பார்ப்பவர் இருந்தால் ஃபிளாஷை எடுத்துப் போங்கள். சார்ஜ் ஏறி விளக்கு எரிந்த பிறகு, மல்டிமீட்டரை உயர்ந்த டி.சி. அளவில் வைத்து, நடு ஊசிக்கும் பக்கத்து உலோகத்துக்கும் இடையே அளக்கச் சொல்லுங்கள். நீங்களே விரலை வைத்துச் சோதிக்க வேண்டாம். பத்து, இருபது வோல்ட் என்று வந்தால் உங்கள் எஃப்80-இல் தாராளமாகப் போடலாம். நூற்றுக்கணக்கில் வந்தால், 250-க்குள்ளேயே இருந்தாலும், போட வேண்டாம் என்பதே என் கருத்து. அப்பாவின் கேமராவுக்கு உதிரிப் பாகம் இனி எளிதில் கிடைக்காது.