பெட்ரோகிராடில் ஒரு நிருபர்

கேள்வி: தலைவர்களின் பேச்சும் புரட்சியும் வரலாற்றைப் புரட்டிப்போட்டதைச் சொல்லும் ஒரே ஒரு புத்தகம் படிக்க வேண்டுமானால் எது?

பதில்: ஜான் ரீட் எழுதிய 'உலகைக் குலுக்கிய பத்து நாட்கள்'. ரஷ்யாவின் 1917 அக்டோபர் புரட்சியின்போது பெட்ரோகிராடில் இருந்த அமெரிக்க நிருபர் அவர். புத்தகம் 1919-இல் வந்தது. புரட்சியை நடத்திய போல்ஷ்விக்குகள் தலைமையகமாக்கிய ஸ்மோல்னி, பிரபு குடும்பத்துப் பெண்கள் படித்த பள்ளி. வகுப்பறைப் பலகைகள் கதவில் அப்படியே இருக்க, அதற்கு மேலேயே கமிட்டிகளின் பெயர்களைக் கிறுக்கி மாட்டியிருந்ததையும், சாப்பாட்டுக்கூடத்தின் முட்டைக்கோஸ் சூப்பையும் ரீட் விடாமல் எழுதுகிறார். போல்ஷ்விக் தலைவர்கள் லெனின், டிராட்ஸ்கி பேச்சுகளோடு, எதிர்த்துக் கூச்சலிட்டவர்களின் குரலும் பதிவாகியிருக்கிறது. எனக்குப் பிடித்தது அதுதான்.

ரீட் நடுநிலையாளர் அல்ல, போல்ஷ்விக் அனுதாபி. அதை மறைக்கவும் இல்லை. லெனினே முன்னுரை கொடுத்துப் பாராட்டினார். பிறகு வந்த ஸ்டாலினுக்குத்தான் கசந்தது. பக்கத்துக்குப் பக்கம் டிராட்ஸ்கி வருகிறார், ஸ்டாலினோ தேடினால்தான் கிடைப்பார். அவர் ஆட்சியில் புத்தகம் சோவியத் நாட்டிலேயே காணாமல் போனது. ரீட் அதைப் பார்க்கவில்லை. 1920-இலேயே மாஸ்கோவில் டைபஸ் காய்ச்சலில் இறந்துவிட்டார். படிக்கத் தொடங்கும்போது கட்சிப் பெயர்கள் குழப்பும். முதல் சில பக்கங்களைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.