கட்டுநாயக்க முத்திரைகள்

2009 மே மாதம் வட்டுவாகல் பாலத்தால் நாங்கள் வெளியே வந்தபோது அம்மாவின் கையில் ஒரு சொப்பின் பை இருந்தது. வீட்டாரின் பிறப்புச் சான்றிதழ்கள், அப்பாவின் காணி அனுமதிப்பத்திரம், என்னுடைய சாதாரண தரப் பெறுபேறு எல்லாம் அதற்குள். பங்கருக்குப் பங்கர் அம்மா காவித் திரிந்த பை. செட்டிக்குளம் மனிக்பாம் முகாமில் அதை அவிழ்த்தபோது தண்ணீர் போய்க் கடதாசிகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தன. என் பிறப்புச் சான்றிதழில் அப்பாவின் பெயர் மட்டும் மங்கலாகத் தெரிந்தது. அதே முகாமில்தான் அந்த ஆவணியில் உயர்தரப் பரீட்சை எழுதினேன். பிறகு சான்றிதழின் பிரதி ஒன்று எடுக்க அப்பா அலைந்த அலைச்சல் இன்றைக்கும் கண்ணுக்குள் நிற்கிறது.

யாழ்ப்பாண மருத்துவபீடத்தில் படித்து, வவுனியாவிலும் முல்லைத்தீவிலும் வேலை செய்துவிட்டு, 2020 ஒக்டோபரில் இங்கிலாந்துக்கு வந்தேன். அந்த வருடம் ஆகஸ்டில்தான் வைத்தியர்கள், தாதியர்களுக்கான தனி வேலை விசாவை அங்கே தொடங்கியிருந்தார்கள். 2025 ஒக்டோபரில் நிரந்தர வதிவுரிமை கிடைத்தது. கிளிநொச்சியில் இருந்தும் மாங்குளத்தில் இருந்தும் தம்பி, தங்கச்சிமார் அழைத்துக் கேட்பார்கள்: “அக்கா, அஞ்சு வருசம் முடிய ஒரு போம் நிரப்பினால் சரிதானே?” சரியில்லை. அந்தப் போமுக்கான பதிலை முதல் நாளில் இருந்தே சேர்க்க வேண்டும். வெளிநாட்டு வைத்தியர்கள் எழுதும் பிளாப் பரீட்சையைப் பற்றிச் சொல்ல எத்தனையோ பேர் இருக்கிறார்கள். அதற்குப் பிறகு வருவதைத்தான் யாரும் சொல்லித் தருவதில்லை.

முதலில் ஊரில் கணக்கை முடித்துவிட்டு வாருங்கள். அரச வைத்தியராக இருந்தால் சொல்லாமல் கொள்ளாமல் விமானம் ஏறி, ‘பதவி வெறிதாக்கல்’ கடிதம் பின்னால் வரும்படி விடாதீர்கள். பிணைப் பணம் கட்ட வேண்டுமென்றால் கட்டுங்கள், முறையாக விலகுங்கள். நாளைக்கு இலங்கை மருத்துவ சபையிடம் நன்னிலைச் சான்றிதழ் கேட்க வேண்டி வரும். திரும்பி வரும் எண்ணம் என்றைக்காவது எழும். அப்போது அடைத்த கதவு ஒன்று உங்கள் முன்னால் இருக்கக்கூடாது.

அடுத்தது நாட்கணக்கு. வதிவுரிமை கேட்கும் ஐந்து வருடத்தில் எந்தப் பன்னிரண்டு மாதத்தை எடுத்துப் பார்த்தாலும் 180 நாளுக்கு மேல் நாட்டுக்கு வெளியே நின்றிருக்கக்கூடாது. ஜனவரியில் இருந்து டிசம்பர் வரை எண்ணினால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை, அந்தப் பன்னிரண்டு மாதம் எந்தத் திகதியிலும் தொடங்கலாம். புறப்பட்ட நாளும் திரும்பி வந்த நாளும் கணக்கில் இல்லை, இடையில் உள்ள முழு நாட்கள் மட்டும்தான். இங்கிலாந்தை விட்டு வெளியேறும்போது கடவுச்சீட்டில் முத்திரை குத்துவதில்லை. கட்டுநாயக்க விமான நிலையத்தில்தான் வரும்போது ஒன்று, போகும்போது ஒன்று என்று குத்துவார்கள். அதனால் ஊருக்குப் போய்வந்த ஒவ்வொரு முறையும் அந்த இரண்டு முத்திரைகளையும் படம் எடுத்து, விமானச் சீட்டோடு ஒரு நீலக் கோப்பில் வைத்தேன். கோப்பின் முதல் தாளில் நான்கு நிரல்கள்: போன திகதி, வந்த திகதி, நாட்கள், காரணம். ஐந்து வருடம் கழித்து விண்ணப்பத்தில் அதை அப்படியே பார்த்து எழுதினேன்.

காரணம் என்ற நிரலில் ஓரிடத்தில் ‘அப்பா’ என்று மட்டும் எழுதியிருக்கிறது. 2023 இல் அவர் கிளிநொச்சி வைத்தியசாலையில் கிடந்தபோது ஏழு கிழமை நின்றேன். 180 நாள் கணக்கில் அது பெரிதில்லை. ஆனால் எனக்குத் தெரியாத இன்னொரு விதி இருந்தது. விசாவில் வேலை செய்பவர் ஒரு வருடத்தில் சம்பளமில்லாமல் நான்கு கிழமைக்கு மேல் நின்றால், விசாவுக்குப் பொறுப்பு நிற்கும் வைத்தியசாலை அந்தப் பொறுப்பையே கைவிட வேண்டி வரலாம். பிள்ளைப்பேற்று விடுமுறை, நோய் போன்ற சிலவற்றுக்கு மட்டும் விலக்கு. என்னோடு வேலை செய்த கேரளத்துத் தாதி ஒருவர்தான் நான் புறப்படுவதற்கு முதல் நாள் இதைச் சொன்னார். ஐந்து கிழமை வருடாந்த விடுமுறை, இரண்டு கிழமை சம்பளமற்ற விடுமுறை என்று பிரித்து எழுத்தில் அனுமதி வாங்கிக்கொண்டு போனேன். அப்பா மூன்றாவது கிழமை போய்விட்டார். அந்த நேரத்தில் விசாவைப் பற்றியும் பயப்பட வேண்டியிருந்திருந்தால் நான் என்ன ஆகியிருப்பேனோ தெரியாது.

வேலை மாறுவது அடுத்த கண்டம். பயிற்சிப் பதவியில் உள்ளவர்களுக்குப் பொறுப்பு நிற்பது தேசிய அமைப்பு, வைத்தியசாலை மாறினாலும் விசா மாறாது. என்னைப் போல ஒரு வருட ஒப்பந்தத்தில் வேலை செய்பவர்கள் இடம் மாறினால் புதிய ஸ்பொன்சர்ஷிப் சான்றிதழ், புதிய விண்ணப்பம். விண்ணப்பித்துவிட்டால் நாட்டில் நிற்கலாம், ஆனால் முடிவு வரும் வரைக்கும் புதிய இடத்தில் வேலை தொடங்க முடியாது. இரண்டாவது வருடம் நான் போகவிருந்த ஒரு வைத்தியசாலை அந்தச் சான்றிதழைக் கடைசிக் கிழமையில்தான் தந்தது. ஒரு மாதம் சம்பளமில்லாமல் இருந்தேன். பழைய வேலையில் விலகல் கடிதம் கொடுக்கும் முன், புதிய சான்றிதழ் என்றைக்குக் கிடைக்கும் என்று மின்னஞ்சலில் எழுதி வாங்குங்கள்.

கடைசி ஆறு மாதம் அவ்வளவு கடினமில்லை. வதிவுரிமைக்கு வேண்டிய ‘லைஃப் இன் த யூகே’ பரீட்சைக்கு 50 பவுண். 45 நிமிடத்தில் 24 கேள்வி, 18 சரியாக இருந்தால் போதும். மருத்துவபீடத்தில் உடற்கூற்றியல் படித்தவர்களுக்கு இது இரண்டு கிழமை வேலை. வேலை தருபவரின் கடிதத்தில்தான் கவனம் வேண்டும்: பதவி, சம்பளம், இனிவரும் காலத்திலும் நீங்கள் தேவை என்ற வரி. எனக்கு வந்த முதல் கடிதத்தில் வேலையில் சேர்ந்த வருடமே பிழை. திருத்தி வாங்க மூன்று கிழமை போனது. ஐந்து வருடம் முடிய 28 நாள் இருக்கும்போதே விண்ணப்பிக்கலாம். 2025 இல் கட்டணம் ஓர் ஆளுக்கு 3,029 பவுண். முதல் வருடத்தில் இருந்தே மாதாமாதம் ஒதுக்குங்கள், இல்லாவிட்டால் கடன்தான்.

என் கணவர் 2022 மாசியில் வந்தார். எனக்குக் கிடைத்ததும் அவருக்கும் சேர்த்துக் கிடைக்கும் என்று வீட்டில் எல்லோரும் நம்பியிருந்தார்கள். துணைக்கு அவரவர் வந்த நாளில் இருந்துதான் ஐந்து வருடம். அவர் 2027 வரைக்கும் பொறுக்க வேண்டும். மகள் 2023 இல் இங்கேதான் பிறந்தாள். எங்கள் இருவரில் ஒருவருக்கும் அப்போது வதிவுரிமை இல்லாததால் அவள் பிறப்பால் பிரித்தானியப் பிரஜை இல்லை. இப்போது பதிவுசெய்யக் கேட்கலாம். பிறந்த முதல் வருடத்துக்குள்ளேயே இலங்கை உயர்ஸ்தானிகராலயத்திலும் அவளைப் பதிந்துவிட்டேன், அதைத் தள்ளிப்போடாதீர்கள். பிரித்தானியப் பிரஜாவுரிமை எடுக்க நினைப்பவர்கள், எடுக்கும் முன்பே இலங்கைப் பிரஜாவுரிமையைத் தக்கவைக்க விண்ணப்பித்துவிட வேண்டும். எடுத்த பிறகு யோசித்தால், இழந்ததைத் திரும்பக் கேட்கும் நிலைதான்.

2025 மே மாதம் பிரித்தானிய அரசு வெளியிட்ட வெள்ளை அறிக்கை இந்த ஐந்து வருடத்தைப் பத்தாக்க முன்மொழிந்தது. ஆகவே என் கதையில் உள்ள எண்களை அப்படியே நம்பிப் புறப்படாதீர்கள். அரசின் இணையப் பக்கத்தை விண்ணப்பிக்கும் அன்றைக்குத் திரும்பவும் வாசியுங்கள். முகவருக்குக் காசு கொடுத்தாலும் வாசிப்பது நீங்களாக இருக்க வேண்டும்.

ஒன்றை மறைக்க மாட்டேன். இறுதிப் போரில் வன்னிக்குள் நின்ற வைத்தியர்கள் சத்தியமூர்த்தி, வரதராஜா, சண்முகராஜா ஆகியோரைப் பார்த்துத்தான் நான் மருத்துவம் படிக்க ஆசைப்பட்டேன். முல்லைத்தீவில் இரவுக் கடமையில் இருந்தபோது, சத்திரசிகிச்சை நிபுணர் இல்லாமல் நோயாளியை அம்புலன்ஸில் ஏற்றி யாழ்ப்பாணத்துக்கு அனுப்பிய இரவுகள் இருக்கின்றன. அந்த வாட்டில் நான் விட்டு வந்த இடம் எத்தனை மாதம் வெறுமையாகக் கிடந்தது என்று எனக்குத் தெரியும். ஆனபடியால் வா என்றோ வராதே என்றோ யாருக்கும் நான் சொல்வதில்லை. வருகிறேன் என்று முடிவெடுத்தவர்களுக்கு மட்டும் இதைச் சொல்கிறேன்.

வதிவுரிமை எடுத்தவர் தொடர்ந்து இரண்டு வருடத்துக்கு மேல் வெளியே நின்றால்தான் அதை இழப்பார். போன கிழமை அம்மா அழைத்தபோது வழக்கமாகக் கேட்பதையே கேட்டார்: “இந்தமுறை எத்தனை நாள் நிப்பாய், பிள்ளை?” ஐந்து வருடமாக இந்தக் கேள்விக்கு நீலக் கோப்பைத் திறந்து எண்ணிப் பார்த்துத்தான் பதில் சொல்லியிருக்கிறேன். இந்தமுறை திறக்கவில்லை. “வைகாசியில வற்றாப்பளைப் பொங்கல் முடிஞ்சுதான் வெளிக்கிடுவன் அம்மா” என்றேன்.