மறைவாக எழுதினால் மாந்திரீகமா?

விளங்காத ஒன்றைக் கண்டவுடன் அது தீயதென்று தீர்ப்பிட்டுவிடுகிறோம் அல்லவா? அவ்வாறு பழிசுமந்த துறவி ஒருவரை அறிந்துகொள்வோம்.

யொகான்னஸ் திரித்தேமியுஸ் (1462–1516) ஜேர்மனியில் ஸ்பொன்ஹைம் ஆசீர்வாதப்பர் மடத்தின் அதிபர். 1483இல் அவர் பொறுப்பேற்றபோது சுமார் 50 நூல்களே இருந்த மடத்து நூலகம், அவரது முயற்சியால் ஏறத்தாழ 2,000 நூல்களாகப் பெருகியது.

1499இல் தாம் எழுதிவந்த நூலைப்பற்றி நண்பரான துறவி ஒருவருக்குக் கடிதம் அனுப்பினார். அதற்குள் நண்பர் இறந்துவிட, கடிதம் பிறர் கைக்குப் போயிற்று. 'பேய்களோடு உறவாடுகிறார்' என்ற வதந்தி பரவியது. 'ஸ்தெகனோகிராபியா' என்னும் அந்நூல் 1606இல் அச்சேறி, 1609இல் திருச்சபையின் தடைசெய்யப்பட்ட நூல்களின் பட்டியலிற் சேர்க்கப்பட்டது.

உண்மை என்ன? ஆவிகளை அழைப்பதாகத் தோன்றிய வாசகங்களில் ஒரு சொல் விட்டு ஒரு சொல்லில், ஓரெழுத்து விட்டு ஓரெழுத்தாக எடுத்தால் மறைந்திருந்த செய்தி வெளிப்படும்! மூன்றாம் பகுதியின் எண்வரிசைகளும் இரகசிய எழுத்தே என 1990களில் இரு ஆய்வாளர் தனித்தனியே கண்டனர்.

மறைபொருட் கலைகளில் அவருக்கு ஆர்வம் இருந்தது உண்மையே. ஆனால் வாசித்து விளங்காமலே வதந்தி தீர்ப்பிட்டது. அயலவரைப்பற்றி ஏதும் கேள்விப்படும்போது, நாமாவது தீர்ப்பிடுமுன் விசாரித்தறிவோமா?