நண்பர்களோடு ஒரு நாள் சிட்னி

காரை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். சிட்னியின் அழகு அதன் துறைமுகம். அதை ரயிலிலும் நடையிலும் ஃபெர்ரியிலும் பார்ப்பதற்கு ஈடில்லை.

முதலில் பயண அட்டை. ஓபல் கார்டோ, சாதாரண வங்கி அட்டையோ போதும். ஆனால் ஆளுக்கொரு அட்டை கட்டாயம். ஒரே அட்டையை இரண்டு பேருக்குத் தட்ட முடியாது. ஏறும்போது தட்டிய அதே அட்டையை இறங்கும்போதும் தட்டுங்கள். ஒரு நாள் கட்டணத்துக்கு உச்சவரம்பு உண்டு. வெள்ளி, சனி, ஞாயிறுகளில் அது இன்னும் குறைவு என்பதால் வார இறுதியே நல்லது.

எல்லோரும் சந்திக்க மில்சன்ஸ் பாயின்ட் ரயில் நிலையத்தைச் சொல்லுங்கள். வெஸ்ட்மீட், பரமட்டா பக்கமிருந்து வருகிறவர்களுக்கு நேர் ரயில் இருக்கிறது, அதுவும் பாலத்தின் மேலேயே வரும். அங்கிருந்து படியேறி, 1932-இல் திறக்கப்பட்ட ஹார்பர் பாலத்தின் நடைபாதையில் தெற்கு நோக்கி நடங்கள். கட்டணம் இல்லை. இந்தத் திசையில் நடந்தால் ஓபரா ஹவுஸ் இடப்பக்கம் கண்ணெதிரே நெருங்கிக்கொண்டே வரும். பெரும் தொகை கொடுத்து வளைவின் உச்சிக்கு ஏறத்தான் வேண்டுமா? வேண்டாம் என்பேன், அந்தப் பணம் மதியச் சாப்பாட்டுக்கு உதவும்.

த ராக்ஸ் பகுதியில் படியிறங்கி, சர்குலர் கீ வழியாக ஓபரா ஹவுஸ் போங்கள். இதை வடிவமைத்த டென்மார்க்காரர் யோர்ன் உட்சோன் அரசோடு ஏற்பட்ட பிணக்கால் 1966-இல் பாதியில் விலகினார். 1973-இல் கட்டடம் திறந்தபின் ஒருமுறைகூட அவர் வந்து பார்க்கவில்லை. அதன் கூரை ஓடுகளைத் தொட்டுப் பார்க்கும்போது இதையும் நண்பர்களிடம் சொல்லுங்கள். பாலமும் ஓபரா ஹவுஸும் ஒரே படத்தில் வேண்டுமென்றால், தாவரவியல் பூங்கா வழியே மிஸஸ் மக்குவாரிஸ் சேர் வரை போக வேண்டும். கூட்டுப் படத்துக்கு அதைவிட நல்ல இடம் இல்லை.

மதியம் சர்குலர் கீயிலிருந்து மேன்லி ஃபெர்ரி. ஏறக்குறைய அரை மணிப் பயணம். திறந்த தளத்தில் வலப்பக்கம் இடம் பிடியுங்கள். புறப்பட்டதுமே ஓபரா ஹவுஸைச் சுற்றிக்கொண்டு போகும். துறைமுக வாயிலில் பெருங்கடல் அலை நேராக உள்ளே வருவதால் படகு ஆடும். குமட்டல் வருகிறவர்கள் கீழ்த்தளத்தில் நடுப்பகுதியில் உட்காரட்டும். இறங்கி, கோர்சோ கடைத்தெருவைக் கடந்தால் கடற்கரை. குளிப்பதென்றால் சிவப்பும் மஞ்சளுமான கொடிகளுக்கு நடுவில் மட்டும். மெரினாவில் கால் நனைத்த பழக்கத்தில் வேறெங்கும் இறங்காதீர்கள், உள்ளிழுக்கும் நீரோட்டம் வெளியே தெரியாது. கோடையில் தொப்பியும் சன்ஸ்கிரீனும் தவறக்கூடாது.

சர்குலர் கீக்குத் திரும்பி வந்ததும் பரமட்டா ஃபெர்ரியில் ஏறுங்கள். ஆற்றோடு மேற்கே நெடுந்தூரம் போகும் இந்தப் படகில்தான் பேச நேரம் கிடைக்கும். இறங்கினால் நடக்கும் தூரத்தில் ஹாரிஸ் பார்க், அங்கே சூடான தோசை. தாழ்வோதத்தில் ரைடல்மியரோடு படகு நின்று, மீதித் தூரத்துக்குப் பேருந்து விடுவதுண்டு. கிளம்புமுன் நேர அட்டவணையைப் பார்த்துக்கொள்ளுங்கள்.